"வெளிய வாங்கிக்கங்க": இலவச மருத்துவம் முடிஞ்சுபோற ஜன்னல்

கிளினிக் நாள்ல எங்க காம்பராவுல நாலு மணிக்கே லைட் எரியும். அம்மாயி எழும்பி, தேத்தண்ணி ஊத்திக் குடிச்சிட்டு, கிளினிக் கொப்பிய ஒரு சொப்பிங் பேக்குல சுத்தி வச்சுக்கும். பஸ் ஏறுறதுக்குள்ள அது இருக்கான்னு மூணு தடவை எடுத்துப் பார்க்கும். பிரஷர், சீனி, கொலஸ்ட்ரோல் மூணும் இருக்கு. தோட்டத்துல இருந்து பூண்டுலோயா டவுனுக்கு இறங்கி, பஸ் பிடிச்சு ஒரு அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போகணும். எந்த ஆஸ்பத்திரின்னு நான் சொல்லப்போறதில்ல. சொன்னா, மருந்து ஜன்னலுக்குள்ள நிக்கிற பிள்ளையத்தான் எல்லாரும் ஏசுவீங்க. அந்தப் பிள்ளை வச்சுக்கிட்டு இல்லன்னு சொல்லல. அதுக்கிட்ட மருந்து வரவேயில்ல.

நம்பர் எடுத்து, டொக்டரைப் பார்த்து, மருந்து எடுக்கிற வரிசையில நின்னு, ஜன்னல்கிட்ட வரும்போது பதினொன்றரை. உள்ள இருந்து ஒரு கை வரும். அதுல ஒரு கவர். "மத்த ரெண்டும் இல்ல. வெளிய வாங்கிக்கங்க." அஞ்சு மணித்தியாலம் காத்திருந்ததுக்கு அஞ்சு செக்கன் பேச்சு.

துண்டைக் கொண்டுபோய் டவுன்ல ஒரு பாமசியில நீட்டினோம். ரெண்டு மருந்தும் ஒரு மாசத்துக்கு 2,460 ரூபா. அம்மாயி கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "பத்து நாளைக்கு வெட்டிக் குடுங்க தம்பி"ன்னுச்சு. கவுண்டர்ல நூல் கட்டித் தொங்கவிட்டிருந்த கத்தரிக்கோலை எடுத்து அவர் அட்டையை வெட்டினார். மருந்துப் பேரும் காலாவதித் திகதியும் இருந்த துண்டு கடையிலேயே நின்னுருச்சு. மாத்திரை மட்டும் எங்ககூட வந்துச்சு.

அடுத்த கிளினிக்ல டொக்டர் பிரஷர் பார்த்துட்டுக் கேட்டார்: "மருந்து ஒழுங்கா குடிக்கிறதில்லையா?" அம்மாயி தலையைக் குனிஞ்சுக்கிச்சு. பத்து நாள் மருந்தை ஒரு நாள் விட்டு ஒரு நாள் குடிச்சு, இருபது நாள் ஓட்டின கதையை அது அவர்கிட்ட சொல்லல. வெக்கம்.

அந்த வெக்கம் அம்மாயிக்குச் சொந்தமானது இல்லை. யாருக்குச் சொந்தம் என்று கண்டுபிடிக்கத்தான் இதை எழுதுகிறேன்.

ரெண்டு பல்லவி

இந்தப் பேச்சை எடுத்தாலே ரெண்டு பல்லவி வரும். முதலாவது: "நம்ம நாட்டுல வைத்தியம் இலவசம், அதுக்குச் சந்தோசப்படுங்க." சந்தோசப்படுகிறோம். என் அம்மா என்னைப் பெத்தது அரசாங்க ஆஸ்பத்திரியில், ஒரு சதம் கட்டாமல். சத்திரசிகிச்சை, ஊசி, வார்டு எல்லாம் இந்த நாட்டில் ஏழைக்குக் கிடைத்திருப்பது சின்ன விசயம் இல்லை.

ஆனால் பிரஷர்காரருக்கும் சீனிக்காரருக்கும் வைத்தியம் என்றால் என்ன? தினமும் விழுங்குகிற மாத்திரைதான் வைத்தியம். பார்க்கிறது இலவசம், எழுதித் தர்றது இலவசம், மருந்து மட்டும் காசு என்றால் அவங்களுக்கு எதுவுமே இலவசம் இல்லை. 2024 செப்டம்பரில் வர்த்தமானியில் வந்த தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக இருந்தது. அந்தச் சம்பளத்தில் அம்மாயியின் ரெண்டு மருந்துக்கு அம்மா கிட்டத்தட்ட ரெண்டு நாள் கொழுந்து எடுக்கணும். அதுவும் துணைக்குப் போனதால் அன்றைக்கு விழாத பேரைக் கணக்கில் சேர்க்காமல்.

ரெண்டாவது பல்லவி நம்ம வயசுக்காரங்க பாடுறது: "அரசாங்கத்துல ஒண்ணும் சரிவராது மச்சான். பிரைவேட்டுக்குப் போனா ஏசி, கதிரை, 'வாங்க அம்மா'ன்னு ஒரு மரியாதை. வேலை டக்குனு முடிஞ்சிரும்." மரியாதை உண்மைதான், நானும் அனுபவிச்சிருக்கேன். அந்த மரியாதையின் விலை பில்லின் எந்த வரியில் ஒளிந்திருக்கிறது என்பதுதான் கேள்வி.

இந்தியாவில் மருந்து விலைகளைக் கண்காணிக்கும் அரசு ஆணையம் 2018 பெப்ரவரியில் ஒரு அறிக்கை விட்டது. டெல்லி வட்டாரத்தில் நாலு பெரிய தனியார் மருத்துவமனைகளின் பில்களை எடுத்துப் பார்த்ததில், மருந்திலும் ஊசி, கையுறை மாதிரியான சாமான்களிலும் 1,737 சதவீதம் வரை இலாபம் வைத்திருந்தார்கள். எப்படி முடிந்தது? படுத்திருக்கிற நோயாளி எழும்பிப் போய் எதிர்க்கடையில் விலை விசாரிக்க மாட்டார். மருந்தை எழுதுகிறவர், விற்கிறவர், விலை போடுகிறவர் எல்லாம் ஒரே கட்டடத்தில். மருத்துவமனை பாமசியில்தான் வாங்கணும் என்ற கட்டாயத்தை எதிர்த்த வழக்கு இந்திய உச்ச நீதிமன்றம் வரை போனது. நோயாளிகள் சுரண்டப்படுவதைத் தடுக்கக் கொள்கை வகுப்பது மாநில அரசுகளின் வேலை என்று 2025 மார்ச்சில் நீதிமன்றம் சொல்லி முடித்தது.

நம்ம ஊர்ப் பக்கம் இதுக்குச் சின்ன சைஸ் ஒன்று இருக்கு. பிரைவேட் டிஸ்பென்சரியில் மூணு கலர் மாத்திரையைக் கவரில் போட்டுத் தருவாங்க, பேர் இருக்காது. பேர் தெரிந்தால்தானே அடுத்த முறை வேற இடத்தில் மலிவாக வாங்கலாம்? எங்கே போகலாம் என்று தேர்வு செய்யும் சுதந்திரம்தான் தனியாரின் பெருமை என்கிறார்கள். மாத்திரையின் பேரே தெரியாதவருக்கு என்ன தேர்வு, என்ன சுதந்திரம்?

காசு இருந்தால்தான் முடியுமா?

"சரி, ஆனா மருந்து இலவசமா குடுக்க நாம என்ன லண்டனா?" என்று கேட்பீங்க. லண்டனில் இருந்தே தொடங்கலாம்.

பிரித்தானியாவின் தேசிய சுகாதார சேவை 1948 யூலை 5இல் தொடங்கியது. உலக யுத்தம் முடிந்து மூணே வருசம், பாணுக்குக்கூடக் கூப்பன் வைத்திருந்த நாடு அது. 1952இல் மருந்துச் சிட்டைக்கு ஒரு ஷில்லிங் கட்டணம் வந்தது. அதன் பிறகு வேல்ஸ் 2007இலும், வட அயர்லாந்து 2010இலும், ஸ்கொட்லாந்து 2011இலும் அந்தக் கட்டணத்தை ஒழித்துவிட்டன. இங்கிலாந்தில் மட்டும் 2024 மே முதல் ஒரு மருந்துக்கு 9.90 பவுண். 60 வயது தாண்டியவர்களுக்கு அதுவும் இல்லை. இதில் கவனிக்கவேண்டியது, தெருவில் அந்த மருந்தை எடுத்துத் தருகிற பாமசி பெரும்பாலும் தனியார் கடைதான். மருந்தின் விலை எவ்வளவாக இருந்தாலும் நோயாளி கட்டுவது அதே தொகை, அல்லது ஒன்றுமே இல்லை. மிச்சத்தை அரசு கடைக்குக் கட்டுகிறது. ஆகவே கடை யாருடையது என்பதைவிட, விலையின் சுமை யார் தோளில் என்பதுதான் பெரிய கேள்வி. இங்கே அந்தச் சுமை ஜன்னலில் வைத்து அம்மாயியின் தோளுக்கு மாற்றப்படுகிறது.

லண்டன் வேண்டாம், ஆசியாவுக்கே வருவோம். 1997இல் ஆசியப் பொருளாதார நெருக்கடி தாய்லாந்தில்தான் வெடித்தது. அடி வாங்கின அதே நாடு அஞ்சு வருசம் கழித்து, 2002இல், எல்லாக் குடிமக்களுக்கும் பொதுச் சுகாதாரத் திட்டம் கொண்டுவந்தது. 2006க்கும் 2008க்கும் இடையில் எச்.ஐ.வி., இருதய நோய் மருந்துகள் சிலவற்றுக்குக் காப்புரிமைக் கம்பெனிகளை மீறிக் கட்டாய உரிமம் போட்டு, மலிவான மருந்தை மக்களுக்குக் கொடுத்தது. நெருக்கடி வந்தால் நோயாளிமேல் கைவைக்கவேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை.

மலேசியாவில் ஒரு குடிமகன் அரசாங்கக் கிளினிக்குக்குப் போனால் ஒரு ரிங்கிட், மருந்தும் அதற்குள். நீண்டகால நோய்க்காரருக்கு மாதாமாதம் மருந்தைத் தபாலில் அனுப்புகிற சேவை இருக்கிறது. வண்டியில் இருந்து இறங்காமலே மருந்தை வாங்கிப் போகிற ஜன்னலும் சில ஆஸ்பத்திரிகளில் இருக்கிறது. தனியாரையும் சும்மா விடவில்லை. 2025 மே 1 முதல் தனியார் கிளினிக்கும் பாமசியும் மருந்தின் விலையை எழுதிக் காட்டவேண்டும் என்று உத்தரவு போட்டார்கள்.

கடைசியாகத் தமிழ்நாடு. அங்கே எல்லாம் தேனும் பாலும் என்று சொல்ல வரவில்லை. அங்கேயும் வரிசை உண்டு, வள்ளென்று விழுகிற ஜன்னலும் உண்டு. ஆனால் 1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் என்று ஒன்றை உருவாக்கி ஒரு வேலை செய்தார்கள். தேவையான மருந்துப் பட்டியலை இறுக்கமாக வைத்துக்கொண்டு, மாநிலம் முழுவதற்கும் ஒரே டெண்டரில், கம்பெனிப் பேரில் இல்லாமல் மருந்தின் பொதுப்பெயரில் வாங்கினார்கள். மாவட்டங்களில் களஞ்சியம் வைத்தார்கள். வந்த மருந்தின் மாதிரியை ஆய்வுகூடத்துக்கு அனுப்பித் தேறினால்தான் வெளியே விட்டார்கள். ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் பாங்குப் புத்தகம் மாதிரி ஒரு பாஸ்புக். அதில் அந்த வருசத்துக்கான தொகை இருக்கும், எடுக்கிற மருந்தின் பெறுமதி அதில் கழியும். மேலே இருப்பவர் தள்ளிவிடுகிற மருந்தை வாங்கி வைக்காமல், சின்ன ஆஸ்பத்திரியே தனக்கு எது வேணும் என்று கேட்டு எடுக்கலாம். கேரளாவும் ராஜஸ்தானும் பிறகு இந்த வழியில்தான் போயின. 2022இல் நாம் பெற்றோலுக்கு வரிசையில் நின்றபோது, 137 வகை மருந்துகளை இலங்கைக்கு அனுப்புவதாகத் தமிழ்நாட்டுச் சட்டசபை தீர்மானம் போட்டது ஞாபகம் இருக்கும்.

பாடம் சொல்லிக்கொடுத்ததே நாங்கதான்

எரிச்சல் எங்கே வருகிறது என்றால், இதெல்லாம் வெளிநாட்டுக்காரனிடம் நாம் புதிதாகப் படிக்கவேண்டிய பாடம் இல்லை. இந்தப் பாடத்தை எழுதியவர் ஒரு இலங்கையர், பேராசிரியர் சேனக பிபிலே. பெரிய கம்பெனிகள் மருந்தின் பேரை மாற்றி மாற்றி விலை ஏற்றுவதைக் கவனித்து, எஸ்.ஏ. விக்கிரமசிங்கவுடன் சேர்ந்து 1971இல் அரசுக்கு அறிக்கை கொடுத்தார். அதே வருசம் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் உருவானது. பிபிலேதான் அதன் முதல் தலைவர். தனியார் துறைக்கு இறக்குமதியான ஏறத்தாழ 2,100 மருந்து வகைகள் சுமார் 600 ஆகக் குறைக்கப்பட்டன. உலகச் சந்தையில் டெண்டர் கூப்பிட்டுப் பொதுப்பெயரில் வாங்கினார்கள். டவுனில் நீங்கள் பார்க்கிற "ஒசுசல" அந்தக் கூட்டுத்தாபனத்தின் கடைதான்.

உலக சுகாதார நிறுவனம் தன் முதல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டது 1977இல். அதே 1977 செப்டம்பரில், ஐ.நா. பணியில் கயானா நாட்டுக்குப் போயிருந்த இடத்தில் பிபிலே இறந்தார். அந்த வருசம்தான் இங்கே திறந்த பொருளாதாரமும் வந்தது. மருந்து இறக்குமதி மறுபடி தனியாருக்குத் திறந்தது. ஆயிரம் பேரில் ஒரே மருந்து மறுபடி வந்தது. தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைக்கான சட்டம் வர 2015 ஆனது. 48 மருந்துகளுக்கு உச்ச விலை போட 2016 ஆனது. 2022இல் ரூபா சரிந்ததும் ஏப்ரல் கடைசியில் 60 மருந்துகளுக்கு 40 சதவீத விலையேற்றம் வர ஒரே ஒரு வர்த்தமானி போதுமாக இருந்தது.

எங்க அண்ணன் கண்டிக்குப் போனப்ப அம்மாயியின் துண்டை ஒசுசலவுல காட்டினான். வேற கம்பெனி, அதே மருந்து, கிட்டத்தட்டப் பாதி விலை. பிபிலே செத்து இவ்வளவு வருசம் கழிச்சும் அவர்தான் எங்களுக்குக் காசு மிச்சம் பிடிச்சுக் குடுக்கிறார். ஆனா பூண்டுலோயாவில இருந்து கண்டிக்கு மாசாமாசம் யாரு போறது?

"2022க்குப் பிறகு நாட்டில் காசில்லை" என்பது பாதி உண்மை. 2022 மார்ச்சில் பேராதனை போதனா வைத்தியசாலையிலேயே மருந்து இல்லாமல் திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளை நிறுத்தினார்கள். அதை மறுக்கவில்லை. மிச்சப் பாதியையும் சொல்லவேண்டும். தரமற்ற இம்யூனோகுளோபியூலின் மருந்து வாங்கிய விவகாரத்தில் முன்னாள் சுகாதார அமைச்சர் ஒருவரே 2024 பெப்ரவரியில் கைதானார். வழக்கைத் தீர்ப்பது நீதிமன்றத்தின் வேலை. ஆனால் காசே இல்லாத காலத்தில்கூட மருந்துக் கொள்வனவு அமைச்சரைக் கைதாக்குகிற அளவுக்கு ஒரு விவகாரமானது என்றால், குறைந்தது காசு மட்டும் இல்லை என்பது தெரிகிறது.

வாலுக்கும் வெளியே

மருந்து வருகிற பாதையைப் பாருங்கள். கொழும்பில் மருத்துவ வழங்கல் பிரிவு. அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிகளுக்கு நேராகப் போகும். மாகாணத்தின் கீழ் உள்ள சின்ன ஆஸ்பத்திரிகளுக்குப் பிராந்தியக் களஞ்சியம் வழியாகப் போகும். தட்டுப்பாடு வந்தால் முதலில் காய்வது பாதையின் வால். நாங்கள் இருப்பது வாலில்.

தோட்டத்து டிஸ்பென்சரி அந்த வாலுக்கும் வெளியே. 1912ஆம் ஆண்டுச் சட்டம் கூலிகளின் வைத்தியத்தைத் துரைமாரின் பொறுப்பில் விட்டது. நாடு சுதந்திரம் வாங்கியும், தோட்டங்கள் அரசுடைமையாகியும், 1992இல் கம்பெனிகளுக்குக் கைமாறியும் அந்தப் பழைய ஏற்பாட்டின் எலும்புக்கூடு அப்படியே நிற்கிறது. அரசு சில தோட்ட ஆஸ்பத்திரிகளைப் பொறுப்பேற்றது. மிச்சத் தோட்டங்களில் காய்ச்சலுக்கு எது வரும் என்பது இன்னும் கம்பெனியின் மனசைப் பொறுத்தது. நாட்டின் மற்றப் பிரஜைக்கு வைத்தியம் உரிமை. எங்களுக்கு மட்டும் அது தோட்ட நிர்வாகத்தின் "நலன்புரி".

இதோட பாசையும் சேரும். கவரில் காலை, இரவு என்று எழுதியிருப்பது சிங்களத்தில். அம்மாயிக்குச் சிங்களம் பேசினா விளங்கும், வாசிக்கத் தெரியாது. நான்தான் பேனாவால சூரியனும் நிலாவும் வரைஞ்சு குடுக்கிறேன். தமிழும் அரச கரும மொழி என்று அரசியலமைப்பில் எழுதியது 1987இல். நுவரெலியா மாவட்டத்தில் பாதிக்கு மேல் தமிழர். மருந்துக் கவரில் ஒரு சொல் தமிழில் வர இன்னும் எத்தனை வருசம் வேணும்?

கேட்கவேண்டியது

ஒன்று: இல்லாத மருந்துகளின் பட்டியல் ஒவ்வொரு நாளும் ஜன்னலுக்குப் பக்கத்தில் தமிழிலும் சிங்களத்திலும் ஒட்டப்படணும். வெளியே வாங்கச் சொல்கிற ஒவ்வொரு துண்டுக்கும் ஆஸ்பத்திரியில் ஒரு பிரதி இருக்கணும். இன்றைக்கு அம்மாயியின் 2,460 ரூபா எந்தப் புத்தகத்திலும் இல்லை. புத்தகத்தில் இல்லாத தட்டுப்பாடு கொழும்புக்குத் தெரியாது.

ரெண்டு: அந்தத் துண்டைக் கொண்டுபோனால் ஒசுசலவோ, ஒப்பந்தம் செய்த பாமசியோ மருந்தைத் தரணும், காசை அரசு கட்டணும். ஒசுசல இல்லாத சின்ன டவுன்களுக்கு இது இன்னும் முக்கியம்.

மூணு: நிலையான நோய்க்காரருக்கு மருந்து தபாலில் வரணும். முடியாது என்று சொல்லாதீங்க. 2020இல் ஊரடங்கு போட்டப்ப கிளினிக் மருந்தைத் தபால்காரர்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார். கொரோனாவுக்கு ஓடின தபால் பிரஷருக்கும் ஓடும்.

நாலு: கவரில் மருந்தின் பேர், அளவு, நேரம் தமிழில் இருக்கணும். அரசோ தனியாரோ, பேர் இல்லாத மாத்திரையை யாரும் தரக்கூடாது.

அஞ்சு: தோட்டத்து டிஸ்பென்சரி அரசின் மருந்துப் பாதைக்குள் வரணும், தகுதியான உத்தியோகத்தரோட.

நாங்க என்ன செய்யலாம்? 2016இன் தகவலறியும் உரிமைச் சட்டம் கையில இருக்கு. "கடந்த ஆறு மாதத்தில் உங்கள் வைத்தியசாலையில் எந்தெந்த மருந்து எத்தனை நாள் இல்லாமல் இருந்தது?" என்று தமிழிலேயே எழுதிக் குடுக்கலாம். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாளுக்குள் சொல்லியாகணும். ஒரு தோட்டத்துக்கு ரெண்டு பேர் எழுதினாலே மாவட்டத்தின் படம் கிடைச்சிரும். தேர்தல் காலத்துல மேடைக்கு வர்றவங்ககிட்ட அந்தப் படத்தைக் காட்டிப் பேசலாம். கூரைத் தகரத்தைப் பற்றி மட்டுமே அவங்க பேசுறதை எவ்வளவு நாள் கேட்டுக்கிட்டு இருக்கிறது?

அம்மாயிக்கு அடுத்த கிளினிக் வர்ற மாசம். இந்தத் தடவை நானும் லீவு போட்டுட்டுப் போறேன். டொக்டர் ஏசினா, ஏன் பிரஷர் கூடுச்சுன்னு கணக்கோட சொல்லப்போறேன். ஜன்னல்ல "வெளிய வாங்கிக்கங்க"ன்னு சொன்னா, "சரி மிஸ், இந்த மருந்து இல்லன்னு இந்தத் தாள்ல எழுதி, திகதி போட்டுத் தாங்க"ன்னு கேக்கப்போறேன். தாளை இப்பவே மடிச்சு கிளினிக் கொப்பிக்குள்ள வச்சாச்சு.